தாத்தாவின் அல்பியன் காரை விற்க வேண்டி இருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தலவாக்கலை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு யோசனை கேட்டால் பாதி யோசனைதான் கிடைக்கும்.

எங்களிடம் ஒரு பழைய அல்பியன் கார் இருக்கிறது. அல்பியன் என்றதும் தேயிலை லொறியும் பழைய பஸ்ஸும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், நான் சொல்வது கார். முன்னுக்கு இரண்டு பேர் உட்காரும் சீட், பின்னுக்கு நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு மரப் பெஞ்சு, கூரை கிடையாது. தாத்தா எங்கள் தோட்டத்துப் பெக்டரியில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். 1975 இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குப் புறப்பட்ட துரை, பங்களா கராஜில் எத்தனையோ வருசமாக ஓடாமல் கிடந்த இந்தக் காரை முந்நூறு ரூபாய்க்குத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தோட்டத்துக் கடிதத்தாளில் டைப் அடித்து, முத்திரை ஒட்டி, துரை கையெழுத்துப் போட்ட ரசீது இன்றைக்கும் எங்கள் சாமித் தட்டுக்குக் கீழே இருக்கிறது. 1910 ஆம் வருசத்துக் கார் என்று தாத்தா சொல்லுவார், முன்னைய துரை ஒருவர் ஸ்கொட்லாந்தில் இருந்து எடுப்பித்து நானுஓயா வரைக்கும் ரயிலில் கொண்டுவந்தாராம். அதற்கு எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்க்கதைதான்.

தாத்தா இரண்டு வருசம் வேலை முடிந்து வந்து சின்னச் சின்னதாகத் திருத்தி, 1977 சித்திரை வருசப் பிறப்பு அன்று அதைத் தோட்டத்துக் கோயில் வரைக்கும் ஓட்டியிருக்கிறார். அப்பா அப்போது சின்னப் பையன். பின் பெஞ்சில் உட்கார்ந்து போன அந்தக் கால் மைலைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னுக்கு உள்ள இரண்டு பித்தளை விளக்குக்கும் காபைட் கல் போட்டு, தண்ணீரைச் சொட்டவிட்டு, நெருப்புக்குச்சியால் பற்றவைப்பார்களாம். வெள்ளைப்பூடு நசுக்கியது மாதிரி ஒரு நாற்றம் வருமாம். அந்த நாற்றத்தைப் பற்றி மட்டும் நூறு தடவை கேட்டிருப்பேன்.

83 ஆடிக் கலவரத்தில், நாங்கள் இருந்த லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) அடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்த இரவு, தாத்தா அந்த இரண்டு விளக்கையும் எஞ்சினில் பொறிக்கு மின்சாரம் தருகிற மெக்னீட்டோவைக் கழற்றி அதையும் சாக்கில் சுற்றி ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக்கடியில் புதைத்திருக்கிறார். காருக்கு மேல் உரச் சாக்குகளை அடுக்கி மூடிவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் மற்றதெல்லாம் போயிற்று. ஐந்தாறு மாதம் கழித்துத்தான் விளக்குகளைத் தோண்டி எடுத்தார்கள், மண் பட்ட இடமெல்லாம் பச்சையாகக் கறை பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு கார் ஓடவில்லை.

அப்பா போன கார்த்திகையில் தவறிவிட்டார். வைத்தியத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது. கார் நிற்கும் பழைய உர ஸ்டோரை மூன்று மாதத்துக்குள் காலி பண்ணித் தரும்படி தோட்டத்தில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மழைக்கு ஒரு பக்கம் ஒழுகவும் தொடங்கிவிட்டது. கொழும்பில் இருந்து ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு 18 இலட்சம் தருகிறேன், நாளைக்கே காசு, ஓடாத இரும்புக்கு இதற்குமேல் யாரும் தரமாட்டார்கள் என்றார். இன்னொருவர் காரே வேண்டாம், விளக்கு இரண்டும் ரேடியேட்டரும் மட்டும் போதும், ஆறு இலட்சம் என்கிறார். வெளிநாட்டில் இருந்து ஒருவர் செசி (காரின் அடிச்சட்டம்) நம்பர் பிளேட்டின் படத்தை அனுப்பச் சொல்லி இமெயில் மேல் இமெயில் போடுகிறார், அவருக்கு எப்படி எங்களைத் தெரிந்தது என்றே தெரியவில்லை.

எனக்கு விற்க மனமில்லை, விற்காமல் இருக்கவும் வழி தெரியவில்லை. பெயிண்ட் அடித்து எஞ்சினை ஓடவைத்து விற்றால் நல்ல விலை வருமா? சி.ஆர். புத்தகம், அதாவது வாகனப் பதிவுப் புத்தகம் எதுவும் இல்லை, அந்த ரசீது மட்டும்தான். இதை வெளிநாட்டுக்காரருக்கு விற்க முடியுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஹட்டன் கராஜ்

டீச்சர், முதலில் அந்த மூன்று பேருக்கும் ஒரு பதிலும் சொல்லாமல் இருங்கள். குறிப்பாக விளக்கையும் ரேடியேட்டரையும் கேட்கிறவரை வாசல் படியேற விடாதீர்கள். அந்த இரண்டும் போய்விட்டால் மிச்சம் நிற்பது கார் இல்லை.

நான் நாற்பது வருசமாக கராஜ் வைத்திருக்கிறேன். ஒஸ்டின், மொரிஸ், லேண்ட் ரோவர் என்று தோட்டத்து வண்டிகள் கணக்கில்லாமல் பார்த்தாயிற்று, ஆனால் முதலாவது மகாயுத்தத்துக்கு முந்தைய எஞ்சினில் கை வைத்தது மொத்தமாக மூன்று தடவைதான். அல்பியன் கார் என்பதை ஆட்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். 1899 இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கம்பெனி அது, முதலில் கார்தான் செய்தார்கள். யுத்த காலத்தோடு காரைக் கைவிட்டு லொறி, பஸ் என்று போய்விட்டார்கள், 1951 இல் லேலண்ட் வாங்கிக்கொண்டது. நம் மலையில் ஓடியதெல்லாம் பிந்திய லொறிகள்தான், ரேடியேட்டரில் உதிக்கிற சூரியன் போட்டிருக்குமே, அதுகள். நீங்கள் சொல்கிற மாதிரி பின்னுக்கு நீளப் பெஞ்சு வைத்த உடம்பை ஷூட்டிங் பிரேக் என்பார்கள், வேட்டைக்கும் சாமான் ஏற்றவும் வசதியாகச் செய்தது. அல்பியன்காரர்கள் அந்த மாதிரி உடம்புக்குப் பேர் போனவர்கள். தோட்டத்துரை ஒருவர் அதை எடுப்பித்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை, துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள்.

ஒரு விசயத்தை மட்டும் நிச்சயப்படுத்த வேண்டும். அந்தக் காலத்தில் அவர்களுடைய 16 எச்.பி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைக் காருக்கும் போட்டார்கள், வானுக்கும் சின்ன லொறிக்கும் போட்டார்கள். ஆகவே இது காராகவே பிறந்ததா, இல்லை லொறிச் செசியில் பிறகு யாரோ பெஞ்சு கட்டியதா என்று வாங்குகிற ஆள் கட்டாயம் கேட்பான். விலை அங்கேதான் இரண்டாகப் பிரியும். நீங்கள் போய் மூன்று விசயம் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். எஞ்சினில் எத்தனை சிலிண்டர் நிற்கிறது? ஸ்பார்க் பிளக் இருக்கிறதா, இல்லை சிலிண்டர் பக்கத்தில் மேலும் கீழும் அசைகிற சின்னக் கம்பிகள் இருக்கிறதா? சில்லில் டயர் மிச்சம் இருந்தால் அது கெட்டி ரப்பரா காற்று டயரா? டயரே இல்லை என்றால் ரிம்மின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், உள்பக்கமாகக் கொக்கி மாதிரி மடிந்திருக்கிறதா என்று.

எஞ்சினை ஓடவைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தால் பிடித்துக்கொள்ளும் என்று நாலு பேர் வந்து சொல்லுவார்கள், அப்படி இழுத்து இழுத்துத்தான் எத்தனையோ எஞ்சின் செத்தது. அந்தக் காலத்துச் சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு, தலை தனியாகக் கழலாது. நாற்பது வருசத்துத் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிற பிஸ்டனைப் பலவந்தமாக நகர்த்தி ஒரு வெடிப்பு விழுந்தால், அந்த வார்ப்பை நீங்கள் எந்தக் கடையில் போய்க் கேட்பீர்கள்? மண்ணெண்ணெயும் கியர் எண்ணெயும் கலந்து மேலே உள்ள துவாரத்தால் விட்டு, வாரக்கணக்கில் ஊறவைத்து, பிளைவீலைக் கையால் மெதுவாக அசைத்துப் பார்ப்பது தெரிந்தவன் செய்கிற வேலை. அதையும் வாங்குகிறவனே செய்யட்டும். ஹேண்டிலை மாட்டிச் சுற்றிப் பார்க்கிறேன் என்று யாரையும் விடாதீர்கள், முன்கூட்டிப் பற்றினால் ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை உடைக்கும்.

பெயிண்டும் வேண்டாம். அம்மா தீபாவளிக்குக் குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளி போட்டு அந்தப் பித்தளை விளக்குகளைத் தேய்த்துவிடவும் வேண்டாம். விளக்கில் செய்தவன் பேர் மெல்லிய எழுத்தில் இருக்கும், தேய்த்தால் முதலில் போவது அதுதான். மண்ணில் கிடந்த கறையை அப்படியே விடுங்கள். தாத்தா புதைத்த கதையை இங்கே எழுதியதுபோல ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்த பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாங்குகிறவர்களில் நல்லவர்கள் அந்தத் தாளுக்கும் சேர்த்துத்தான் விலை தருவார்கள்.

இன்னொன்று, சில்லின் மர ஆரக்கால் ஆடினால் தண்ணீர் ஊற்றுங்கள், ஊறி இறுகிவிடும் என்று பழைய வண்டிக்காரர்கள் சொல்லுவார்கள். இறுகும், உண்மைதான். காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும், ஏனென்றால் உப்பும்போது நார் நசுங்கிவிடுகிறது. செய்யாதீர்கள்.

மஸ்கெலியா செல்வா

ஹட்டன் அண்ணன் சொல்வதில் ஒன்றும் பிழை இல்லை, ஆனால் கடன் இருக்கிற வீட்டுக்கு நேரம் என்பதும் காசுதான். என் மாமனார் வீட்டில் ஒரு ஒஸ்டின் செவன் இருந்தது. யாரிடம் விற்பது, எப்போது விற்பது என்று அண்ணன் தம்பி நாலு பேரும் பத்து வருசம் பேசினார்கள். பேசி முடிகிறபோது தரைப்பலகையையும் கதவுச் சட்டத்தையும் கறையான் தின்று முடித்திருந்தது. டீச்சர், 18 இலட்சம் குறைவுதான், 18க்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு திகதி வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகுகிற ஸ்டோரில் இன்னொரு தென்மேற்கு மழைக்கு அதை நிறுத்தினால் பேசுவதற்கே கார் இருக்காது.

கண்டி ஓய்வூதியர்

மகள், நான் வாகனப் பத்திர வேலையிலேயே முப்பது வருசம் இருந்து ஓய்வு பெற்றவன். பத்திர விசயத்தை மட்டும் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்காரர் விசயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1945 ஜனவரி 1க்கு முன் இலங்கையில் முதன்முதலாகப் பதிவான பயணிகள் மோட்டார் வாகனங்களை, அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் பட்டியலில் யானைத் தந்தமும் பவளப்பாறையும் இருக்கிற அதே வரிசையில் இதுவும் இருக்கிறது. சரியான காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் இந்த மலையில் ஒரு பழைய கார் மிஞ்சியிருக்காது. ஆகவே "நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், அனுப்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். துறைமுகத்தில் பிடிபட்டால் பத்திரத்தில் இருப்பது உங்கள் பேர். உதிரியாகக் கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்றும் சொல்லுவார்கள், அதையும் கேட்காதீர்கள். செசி பிளேட்டின் படத்தை அவருக்கு மட்டுமல்ல, இங்கேயும் போடாதீர்கள். இல்லாத காருக்கு இருக்கிற நம்பரை அடித்து விற்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இனி உரிமை. ரசீது தாத்தா பேரில். தாத்தா இல்லை, அப்பாவும் இல்லை. அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? அத்தனை பேருக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஒருவரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றால், நாளைக்கு விலை தெரிந்த பிறகு சொந்தத்துக்குள்ளேயே வழக்கு வரும். நான் கண்ணால் பார்த்த வழக்குகளில் பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான். இந்தியாவுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், சென்னையில் உள்ள நம் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் அற்றோணித் தத்துவம் (தங்களுக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒன்றை அத்தாட்சிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள். எல்லோருடைய சம்மதத்தையும் ஒரு சட்டத்தரணி முன்னால் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள். முதலில் விலை பேசிவிட்டு அப்புறம் சம்மதம் கேட்டால் சம்மதத்துக்கும் ஒரு விலை வந்துவிடும்.

சி.ஆர். புத்தகம் இல்லை என்பது பெரிய குறைதான், ஆனால் காரைக் கொல்லுகிற குறை இல்லை. பின் பலகையில் பழைய நம்பர் ஏதாவது தெரிகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். சிறீ எழுத்து நம்பர் வருவதற்கு முன் ஓடியவற்றுக்கு, சிலோன் என்ற ஆங்கிலப் பேரின் எழுத்துகளை வைத்து சி.ஈ., சி.எல்., சி.என். என்று தொடர்கள் இருந்தன. அதுவோ அதற்கு முந்தியதோ ஏதாவது ஒரு நம்பர் கிடைத்தால், நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் (ஆர்.எம்.வி.) எழுத்தில் விண்ணப்பித்துப் பழைய பதிவைத் தேடச் சொல்லலாம். கிடைக்காவிட்டால், பதிவு இல்லாத வாகனம் என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியே விற்க வேண்டும். உடைமை மாற்ற எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களில் திகதி போடாமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் புரோக்கர்மாரிடம் இருக்கிறது. வெற்றுப் படிவத்தில் ஒரு எழுத்துக்கூடப் போடாதீர்கள். மூல ரசீதை யார் கையிலும் கொடுக்க வேண்டாம், படப்பிரதி போதும்.

பண்டாரவளை மூர்த்தி

டீச்சர், நான் எழுதுவது யோசனை இல்லை, நடந்தது. எங்கள் அப்பாவிடம் ஒரு சுவிஃப்ட் இருந்தது, கொவென்றியில் செய்த கார், இருபதுகளில் வந்தது. அப்பா போன பிறகு முதலில் விளக்கைக் கேட்டு ஒருவர் வந்தார். விளக்குத்தானே, கார் இருக்கிறதே என்று கொடுத்தேன். ஆறு மாதத்தில் அவருடைய நண்பர் ரேடியேட்டருக்கு வந்தார். தங்கச்சி கலியாணம் நடந்த வருசம் அது, கொடுத்துவிட்டேன். அப்புறம் டாஷ்போர்ட் மணிக்கூடு. கடைசியில் முழுக் காரையும் விற்கலாம் என்று நினைத்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதல் கேள்வியாக ரேடியேட்டர் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் காரின் ரேடியேட்டர் இன்னொருவருடைய காரில் பளபள என்று நிற்பதை நுவரெலியா ஏப்ரல் சீசனில் கண்டேன். தேனீர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். கீழ் மூலையில் அப்பா ஈயம் வைத்து அடைத்த இடம் அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டுக் கராஜ் இப்போது காலிதான். காங்கிரீட் தரை, ஒழுக்கு இல்லை, பண்டாரவளைக் காற்று தலவாக்கலையைவிட எவ்வளவோ காய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். வாடகை வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள்.

தலவாக்கலை டீச்சர்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சனிக்கிழமை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருந்தேன்.

சிலிண்டர் இரண்டு, ஹட்டன் அண்ணன். நிமிர்ந்து நிற்கிறது. ஸ்பார்க் பிளக் இல்லவே இல்லை. நீங்கள் சொன்ன சின்னக் கம்பிகள் இருக்கின்றன, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று, மேலே பித்தளைத் துண்டு ஒன்றோடு சேர்கிறது. சித்தப்பா அதைத் தொட்டதும், "இதைத்தான் அப்பா மண்ணெண்ணெயில் கழுவிச் சுளகில் காயவைப்பார்" என்றார். ரிம்மின் ஓரம் உள்பக்கமாக மடிந்துதான் இருக்கிறது, நாலிலும். ஒரு சில்லில் டயரின் கிழிசல் இன்னும் அந்த மடிப்புக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறது. கண்டி ஐயா, பின் பலகையில் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மூன்று இலக்கம் மங்கலாகத் தெரிகிறது, முன்னுக்கு உள்ள எழுத்து பெயிண்டோடு உரிந்துவிட்டது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், போடவில்லை.

முன் சீட்டின் பலகையைத் தூக்கினோம். கீழே ஒரு பிஸ்கட் டின். உள்ளுக்குள் நெருப்புப்பெட்டி ஒன்று, கறுத்துப்போன துணித்துண்டு, தாத்தாவின் கணக்குக் கொப்பி. கொப்பியில் முதல் பக்கத்தில் இருந்து இந்தக் காருக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் திகதியோடு எழுதியிருக்கிறார். எந்த ஆணியை எங்கே வாங்கினார், பின் பெஞ்சுக்குப் பலாப்பலகை யார் கொடுத்தது, கைச்செலவு எத்தனை சதம் என்று. கடைசிப் பதிவு 1983 ஜூன். அதற்குப் பிறகு வெறும் தாள்.

பெரிய அத்தை கோத்தகிரியில் இருக்கிறார், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர். போனில் பேசினேன். பங்கு வேண்டாம், கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன், கொப்பியின் படத்தை மட்டும் ஒவ்வொரு பக்கமாக அனுப்பு என்று சொல்லிவிட்டு அழுதார். சின்ன அத்தைக்கும் சம்மதம். சித்தப்பா விற்க வேண்டும் என்கிறார், ஆனால் முழுசாக, ஓட்டத் தெரிந்த ஆளிடம். எனக்கும் அதுதான் இப்போது சரி என்று படுகிறது. மூர்த்தி அண்ணன், கராஜுக்கு வருகிறோம். மஸ்கெலியா தம்பி சொன்ன மாதிரி ஒரு திகதியும் வைத்துவிட்டோம், அடுத்த சித்திரை.

ஹட்டன் கராஜ்

டீச்சர், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பிளக் இல்லாமல் கம்பி இருந்தால் அது அல்பியன்காரர்கள் அந்தக் காலத்தில் போட்ட பழைய முறை. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாக்வுட் மரே தானே வடிவமைத்த மெக்னீட்டோ. அது குறைந்த அழுத்த மின்சாரம்தான் தரும். சிலிண்டருக்கு உள்ளேயே இரண்டு முனைகள் தொட்டுக்கொண்டு நிற்கும், அந்தக் கம்பி சரியான நேரத்தில் அதைப் பிரிக்கும், பிரிகிற கணத்தில் பொறி. தாத்தா சுளகில் காயவைத்தது அந்த முனைகளைத்தான். அந்த மனிதர் வேலை தெரிந்து செய்திருக்கிறார். மெக்னீட்டோவையும் விளக்கோடு சேர்த்துப் புதைத்தாரே, எது இல்லாவிட்டால் கார் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரிம் மடிப்பு நல்ல அறிகுறி. அது காற்று டயருக்கான ரிம், சின்ன லொறிக்கு அநேகமாகக் கெட்டி ரப்பர்தான் போட்டார்கள். அந்த வகை டயரை இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள், வாங்குகிறவர் எடுப்பித்துக்கொள்ளுவார். முடிவாகச் சொல்ல வேண்டியது தொழிற்சாலைப் பதிவேடு. ஸ்கொட்லாந்தில் பிகர் என்ற சின்ன ஊரில் அல்பியனின் பழைய ஆவணங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், மரேயின் சொந்த ஊர்ப்பக்கம் அது. செசி நம்பரை எழுதிக் கேளுங்கள். அது நேரே ஆவணக்காரர்களுக்கு, இமெயில்காரருக்கு அல்ல. வருசம் உறுதியானால், பிரித்தானிய வெட்டரன் கார் கிளப்பின் திகதிச் சான்றிதழுக்கும் வாங்குகிறவர் விண்ணப்பிக்கலாம். அவர்கள் கணக்கில் 1905 முதல் 1918 கடைசி வரை செய்தது எட்வர்டியன். 1904க்குள் செய்தது என்றால்தான் லண்டன் பிரைட்டன் ஓட்டத்துக்கு எடுப்பார்கள், அதனால் அந்தக் கார்களுக்கு உலகத்தில் தனி விலை. யாராவது உங்களுடையதை 1904 என்று எழுதி விற்றுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம், கொப்பியும் ரசீதும் உள்ள உண்மையான 1910 போதும்.

யாரிடம் விற்பது என்று கேட்டால், கொழும்பில் பழைய கார் சொந்தக்காரர்களின் கிளப்கள் இருக்கின்றன, ஏப்ரலில் அவர்களில் பலர் நுவரெலியாவுக்கு வருவார்கள். அங்கே காரைக் கொண்டுபோக வேண்டாம். நல்ல படம் பத்து, கொப்பியின் இரண்டு பக்கப் பிரதி, ரசீதின் பிரதி, பிகரில் இருந்து வருகிற கடிதம், இவற்றோடு நீங்களும் சித்தப்பாவும் போங்கள். ஒரு ஆளிடம் மட்டும் பேசாதீர்கள், மூன்று பேராவது பார்க்கட்டும். முதல் கேள்வியே விலை என்றால் யோசியுங்கள். "பிஸ்டன் ஒட்டியிருக்கிறதா, எதையாவது கழற்றினீர்களா" என்று கேட்கிறவர் ஓட்டத் தெரிந்தவர்.

பண்டாரவளை மூர்த்தி

டீச்சர், ஞாயிறு காலையில் படுக்கை லொறியோடு வருகிறேன். வின்ச் இருக்கிறது. கராஜைக் கழுவி, சுவர் ஓரத்துக்குக் கறையான் மருந்து அடித்தாயிற்று. ஹட்டன் அண்ணனும் ஏறிக்கொள்வதாகச் சொன்னார். நானுஓயா, வெலிமடை வழியாக வருவோம், மெதுவாக.

ஹட்டன் கராஜ்

வருகிறேன். மூர்த்தி, கயிறு கட்டும்போது சில்லிலும் ஆரக்காலிலும் கட்டக்கூடாது, முன் அச்சிலும் பின் அச்சிலும் கட்டு, அச்சுக்கும் கயிற்றுக்கும் நடுவில் சாக்கு வை. டீச்சர், விளக்கு இரண்டையும் லொறியில் ஏற்ற வேண்டாம், பழைய கம்பளித் துணியில் சுற்றி உங்கள் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். கொப்பியையும்.